இரண்டு நூல் சுவர்

தையல்காரருக்கு ஒரு பழக்கம். எந்தத் துணியை வெட்டினாலும் ஓரத்தில் தாராளமாக விட்டுத்தான் வெட்டுவார். "என்னங்க, வளர்ற பிள்ளைக்கா தைக்கிறீங்க?" என்று வருகிறவர்கள் கேலி செய்வார்கள். "விட்டத எப்ப வேணாலும் பிரிச்சுக்கலாம். வெட்டினத ஒட்ட முடியுமா?" என்பார். மனிதர்களிடமும் அவர் அப்படித்தான். கொஞ்சம் இடம் விட்டே பழகுவார்.

அவருடைய மாமனாரும் அந்த வீட்டில்தான் இருந்தார். கப்பல் எஞ்சின்களோடு காலம் கழித்த மெக்கானிக். புகைக்குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டால் போதும், கதை ஊற்றெடுக்கும். இதயம் தகராறு செய்ததும், இனி புகை கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் மகள், அதாவது தையல்காரரின் மனைவி, வீடு திரும்பியதும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேரே போய்க் குழாயை எடுத்துக் குப்பையில் போட்டாள். அப்பா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு எந்த வார்த்தையுமே பேசவில்லை என்பதுதான் வினையாகப் போயிற்று. கேட்டால் "ம்". கேட்காவிட்டால் அதுவும் இல்லை. சாப்பிட்டு எழுந்ததும் அவருடைய வலது கை சட்டைப்பைக்குப் போகும். வெறுமையாகத் திரும்பி வரும்.

"உசுரக் காப்பாத்திட்டோம். ஆளத்தான் எங்கயோ தொலைச்சுட்டோம்" என்று மனைவி ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். முகத்தைத் திருப்பவில்லை.

தையல்காரர் ஒருநாளும் புகைத்தவர் அல்ல. ஆனால் அந்தக் கை போய்த் திரும்புவதைப் பார்க்கப் பார்க்க ஒரு கேள்வி அவரைக் குடைந்தது. மாமா தேடுவது புகையையா, கையில் பிடிக்கும் அந்த மரக்குழாயையா?

பக்கத்துக் கடைத் தச்சரிடம் போய், மாமாவுக்குத் தானே ஒரு குழாய் செய்யப் போவதாகச் சொன்னார்.

"மரத்துல ஊசி இறங்காது, தெரியுமில்ல?" என்று தச்சர் சிரித்தார். சிரித்தாலும், மூலையில் கிடந்த ஒரு முரட்டுக் கட்டையைத் தேடி எடுத்து, தூசி தட்டி, கையில் வைத்தார். "புதரோட வேர்க்கட்டை. நெருப்புக்கு லேசுல கருகாது. வேணாம், காசப் பத்திப் பேசாதீங்க. டிரில்லையும் எடுத்துட்டுப் போங்க, திருப்பிக் குடுத்தா போதும்."

வீட்டில்தான் புயல் காத்திருந்தது.

"ஏங்க, நான் தூக்கிப் போட்டத நீங்க செஞ்சு குடுக்கப் போறீங்களா?"

"வெறுங்கைக்கு ஒரு துணை. அவ்வளவுதான்."

"வெறும் பைப்பு எத்தன நாளைக்கு வெறுமையா இருக்கும்? ஒரு தடவ புகை வந்துச்சு, அடுப்புல போட்டுடுவேன். பைப்ப மட்டும் சொல்லல."

அவள் பயத்தில் நியாயம் இருந்தது. ஆண்டவனே, நல்லது எதுவோ அதில் கொண்டுபோய் விடு என்று வேண்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.

தெரிந்த வழியில்தானே தொடங்க முடியும்? காகிதத்தில் குழாயின் உருவத்தை வரைந்து வெட்டி, கட்டையின் பக்கத்தில் ஒட்டினார். புகையிலை வைக்கும் கிண்ணத்துக்கு மேலிருந்து ஒரு துளை. புகை வரும் வழிக்குப் பின்னாலிருந்து ஒரு துளை. அந்தக் காகிதத்தின்மேலேயே தையல் சாக்பீஸால் எங்கே நிறுத்த வேண்டும் என்று குறித்துக்கொண்டு, குறி தாண்டாமல் துளைத்தார். பிறகு அரம் பிடித்தார். துணி முரண்டு பிடிக்காது, மரம் பிடித்தது. ஒரு பக்கம் வழவழவென்று இறங்கியது, மறுபக்கம் பிய்ந்தது. ஏன்? கட்டையைத் திருப்பி இழுத்துப் பார்த்தார். பிய்யவில்லை. அட, இதற்கும் வெல்வெட்டைப் போல ஒரு போக்கு இருக்கிறதே! உப்புத்தாளால் முரட்டிலிருந்து மிருது வரை தேய்த்து, எச்சில் விரலால் தடவியபோது, உள்ளே தீச்சுடர்கள் போலக் கோடுகள் எழுந்து நின்றன. இத்தனை அழகை மண்ணுக்கடியில், யாரும் பார்க்காத வேரில் ஆண்டவன் ஏன் வைத்தான் என்று வெகுநேரம் யோசித்தார். கிண்ணத்தின் கன்னத்தில் குண்டூசித் தலையளவு ஒரு குழி. அதைத் தேய்த்து மறைக்கப் போனால் கிண்ணமே மெலிந்துவிடும் என்று விட்டுவிட்டார்.

தேன்மெழுகு பூசும் நேரம். மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். உள்ளே போய், பழைய மெத்தென்ற துணி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள்.

"அந்த முரட்டுத் துணியால தேச்சா கீறும்" என்றாள். அவ்வளவுதான்.

கடையில் வாங்கிய கறுப்பு வாய்த்தண்டைச் செருகி மாமாவின் உள்ளங்கையில் வைத்தார். கை அதை உடனே அடையாளம் கண்டுகொண்டது. கட்டைவிரல் கிண்ணத்தைச் சுற்றி வந்து அந்தக் குழியில் நின்றது. மாமா பல்லில் கடித்து இழுத்தார். கன்னங்கள் ஒட்டின. மறுபடி இழுத்தார். குழாயை எடுத்து உற்றுப் பார்த்தார்.

"ஹேர்பின் குடும்மா."

இரண்டு சொல். மகள் கொண்டையிலிருந்து உருவிக் கொடுத்தாள். தண்டைக் கழற்றி, ஊசியைப் பின்னாலிருந்து விட்டார், முட்டியது. கிண்ணத்துக்குள் விட்டார், முட்டியது. நகத்தால் அளந்தார்.

"ரெண்டு நூல் கனத்துக்குச் சுவர் நிக்குது மாப்பிள்ள. ரெண்டு ஓட்டையும் சந்திக்கவே இல்ல. சளி புடிச்ச குழந்த மூக்கு மாதிரி இருக்கு."

தையல்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. காகிதத்தில் குறிக்கும்போதே, கை தன் பழக்கத்தில், இரண்டு பக்கமும் ஓரம் விட்டுக் குறித்திருக்கிறது. புகைக்காதவருக்கு ஊதிப் பார்க்கவும் தோன்றவில்லை.

"தையலுக்கு விட்டுட்டேன் மாமா" என்றார்.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நின்றதும் அவள் கண் மேஜையின்மேல் இருந்த டிரில்லுக்குப் போயிற்று. அவர் கண்ணும் அங்கேதான் போயிற்று. ஒரு சுற்றுச் சுற்றினால் திறந்துவிடும். கொடுத்ததைப் பாதியாகக் கொடுப்பதா என்று மனம் உறுத்தியது. மனைவியைப் பார்க்காமல் கேட்டார்.

"திறக்கணும்னா திறந்துடலாம் மாமா. நீங்க சொல்லுங்க."

மாமா மகளைப் பார்த்தார். அவள் தடுக்கவில்லை, ஹேர்பின்னுக்காகக் கையை நீட்டியபடி நின்றாள், கண்ணை மட்டும் டிரில்லிலிருந்து எடுக்கவில்லை. அவர் ஊசியைத் துடைத்து அவளிடம் கொடுத்தார்.

"இருக்கட்டும் மாப்பிள்ள. பிரிக்கணும்னா பிரிச்சுக்கலாம்ல? அது போதும்."

தண்டைச் செருகிப் பல்லில் கடித்தார். நாற்காலியில் சாய்ந்தார்.

"இப்படித்தான் ஒரு தடவ நடுக்கடல்ல எஞ்சின் நின்னுபோச்சு. எண்ணெய் இருக்கு, தண்ணி இருக்கு, எல்லாம் சரியா இருக்கு, ஆனா நின்னுபோச்சு. ஏன்னு சொல்லு பாக்கலாம்..."

மகள் தரையில் உட்கார்ந்தாள். நாம் கேட்ட கதவை ஆண்டவன் திறப்பதும் உண்டு; மூடி வைத்தே கொடுப்பதும் உண்டு. தச்சரிடம் டிரில்லைத் திருப்பிக் கொடுக்க எழுந்த தையல்காரர் வாசல்வரை போனார். எஞ்சின் ஏன் நின்றது என்று தெரியாமல் எப்படிப் போவது? டிரில்லோடு திரும்பி வந்து உட்கார்ந்தார்.