திரைக்கு முன்னால் இருபது நிமிடம்

விமான நிலையத்தில் விடியலில் எங்களுக்கு முதல் வேலை தட்டுகள். பயணிகள் பிறகுதான். பைகள் ஓடும் பெல்ட்டின் மறுமுனையில் குவிந்து கிடக்கும் சாம்பல் நிறத் தட்டுகளைப் பந்தெலிஸ் அண்ணன் மார்போடு அள்ளித் தூக்கிக்கொண்டு இந்த முனைக்கு வருவார். முந்தைய நாள் சிந்திய பழச்சாறு அவற்றில் பிசுபிசுக்கும். செருப்பு மண், தலைமுடி, குழந்தை துப்பிய பிஸ்கட் எல்லாம் அடியில் ஒட்டியிருக்கும். தட்டுகளைத் தானே திருப்பிக் கொண்டுவரும் இயந்திரம் வாங்கித் தருவதாக முதலாளி மெலாகிஸ் பாதுகாப்புச் சோதனை ஒப்பந்தத்தை எடுத்தபோது சொன்னான். அந்த இயந்திரம் இன்றுவரை பந்தெலிஸ் அண்ணனின் இடுப்புதான். குடலிறக்கத்துக்குப் பட்டை கட்டிக்கொண்டு தூக்குகிறார்.

கடல் பக்கம் வானம் வெளுப்பதற்குள் வளைகுடாவிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வரும் விமானங்கள் இறங்கிவிடும். எங்கிருந்தோ ஏறி எங்கோ போகிறவர்கள். எங்கள் ஊர் அவர்களுக்கு ஒரு நடைபாதை. கண்ணில் தூக்கத்தோடு, கையில் பையோடு, அடுத்த விமானத்துக்கு ஓடி வருவார்கள். ஏறிய ஊரிலேயே சோதனை முடிந்துவிட்டதே, இங்கே எதற்கு மறுபடியும் என்று எல்லோருக்கும் கோபம். "அங்க விட்டாங்களே!" என்பதுதான் எங்கள் வரிசையின் காலை வணக்கம்.

அன்றும் அப்படித்தான். யெரெவானிலிருந்து வந்த ஒரு பெண்மணி பாதாமி ஜாம் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"இது தண்ணியா? கவுத்துப் பாரு, ஒரு சொட்டு விழுதான்னு!"

"எனக்குப் புரியுதும்மா. சட்டத்துக்குப் புரிய மாட்டேங்குது" என்றார் பந்தெலிஸ் அண்ணன், ஜாமைக் குப்பைத் தொட்டியில் போட்டபடி. அடுத்து வந்தவர் ட்யூட்டி ஃப்ரீயில் வாங்கிய விஸ்கியை நீட்டினார். முத்திரை போட்ட பையைப் பிரித்து வழியிலேயே இரண்டு மடக்குக் குடித்திருக்கிறார். முத்திரை போனால் பாட்டிலும் போயிற்று. அதுவும் தொட்டிக்கு. தேன், தயிர், உப்புநீரில் மிதக்கும் பாலாடைக்கட்டி என்று காலை முழுவதும் நல்ல சாப்பாட்டையெல்லாம் பட்டினி வயிற்றோடு தொட்டியில் கொட்டுவோம். ஒரு விரல் எடுத்து நக்கினாலும் வேலை போய்விடும்.

நான் திரை பார்ப்பவள். பெயர் அர்கீரோ. பைகள் இயந்திரத்துக்குள் போகும்போது அவற்றின் உள்ளே இருப்பது நீலமும் ஆரஞ்சுமாக என் முன்னால் நகரும். இந்த இயந்திரத்துக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. நாங்கள் விழித்திருக்கிறோமா என்று பார்க்க, யாரோ ஒருவர் பையில் இல்லாத துப்பாக்கியை அவ்வப்போது இருப்பதுபோல் காட்டும். பொத்தானை அமுக்கினால், 'சரி, இது சோதனைப் படம்' என்று எழுத்து வரும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் பேய். எழுத்து வரவில்லை என்றால் பேய் இல்லை, நிஜம். பெல்ட்டை நிறுத்திப் பையைப் பிரிக்க வேண்டும்.

இருபது நிமிடத்துக்கு மேல் ஒருவரைத் திரைக்கு முன்னால் உட்கார வைக்கக் கூடாது என்பது சட்டம். ஐரோப்பா முழுக்க அதுதான். அதற்கு மேல் பார்த்தால் கண் பார்க்கும், மூளை பார்க்காது. முன்பெல்லாம் திரை பார்க்க வரிசைக்கு இரண்டு பேர் இருந்தோம். ஒருத்தி எழுந்தால் இன்னொருத்தி உட்காருவாள். மெலாகிஸ் வந்ததும் உரிமம் உள்ளவர்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினான். வரிசைக்கு ஒருத்தி என்றாயிற்று. எழுந்தால் பெல்ட் நிற்கும். பெல்ட் நின்றால் மேற்பார்வையாளன் சோட்டிரிஸ் கத்துவான். அதனால் நாங்கள் எழுவதை மறந்துபோனோம்.

இந்த மறதிதான் ஸ்டமாட்டாவைக் கவிழ்த்தது. அவள் எனக்குப் பக்கத்து வரிசை. போன வாரம் விடியலில் உட்கார்ந்தவள் வெயில் ஏறிய பிறகும் எழவில்லை. அடுத்தடுத்து இரண்டு பேய்கள் வந்தன. இரண்டையும் பிடித்தாள். மூன்றாவதாக ஒரு பையில் கத்தி தெரிந்தது. பொத்தானையும் அமுக்கினாள். அந்த நேரம் சோட்டிரிஸ் அவள் காதுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "டொரன்டோ கிளம்பப்போகுது, தள்ளு! தள்ளுடீ!" என்று கத்தினான். முந்தைய பேய்க்கு வந்த எழுத்து கண்ணுக்குள்ளேயே நின்றிருக்க வேண்டும். இதுவும் பேய்தான் என்று நினைத்து பெல்ட்டைத் தள்ளிவிட்டாள். திரை பார்ப்பவர்களைத் தவிர வேறு யாருக்கும் வராத பிழை இது. எனக்கு எத்தனை முறை வர இருந்து தப்பியது என்று எனக்குத்தான் தெரியும்.

கத்தி நிஜம். பை, எங்களைச் சோதித்துப் பார்க்கப் பயணிபோல வந்த விமானப் பாதுகாப்பு அதிகாரியுடையது.

அன்றே அவள் அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். விசாரணையில் தவறு அவள் ஒருத்தியுடையது என்று முடிவானால் உரிமம் ரத்து. பிறகு எந்த விமான நிலையத்திலும் அவளுக்கு வேலை கிடையாது. படுக்கையில் கிடக்கும் புருஷனையும் இரண்டு பெண்களையும் அவள் ஒரு கையால் தாங்குகிறாள். விசாரணை இன்று காலை என்று சொல்லியிருந்தார்கள்.

வளைகுடாக் கூட்டம் வடிந்து அமெரிக்கக் கூட்டம் வருவதற்கு நடுவில் கொஞ்சம் மூச்சு விடலாம். அந்த நேரம் பார்த்து மெலாகிஸ் எங்கள் பின்னறைக்கு வந்தான். கையில் சூடான பூகாட்சாப் பலகாரப் பெட்டி. அவன் இனிப்பு வாங்கி வந்தால் யாருக்கோ கசப்பு காத்திருக்கிறது என்று அர்த்தம்.

"சாப்பிடுங்க. பட்டையும் சர்க்கரையும் நெறைய தூவச் சொன்னேன்" என்றான்.

யாரும் கை நீட்டவில்லை.

"என்ன விசேஷம் சார்?" என்றார் பந்தெலிஸ் அண்ணன். "ஸ்டமாட்டாவுக்குக் கருமாதியா?"

"உனக்கு எப்பவும் வாய் ஜாஸ்தி பந்தெலிஸ். கேளுங்க. இப்ப ரெண்டு அதிகாரிங்க வருவாங்க. உங்களயும் விசாரிப்பாங்க. இருபது நிமிஷத்துக்கு ஒருக்கா ஆள் மாறுறோம்னு சொல்லுங்க. அவ்வளவுதான். நான் பொய் சொல்லச் சொல்லல. சுருக்கமாச் சொல்லச் சொல்றேன்."

"அப்படிச் சொன்னா ஸ்டமாட்டா கதி என்ன சார்?" என்றேன்.

"ஆள் மாறியும் அவ கோட்டை விட்டான்னு ஆகும். தப்பு பண்ணவ போகணுமில்ல? ஒண்ணும் கவலப்படாத. துறைமுகத்துல என் மச்சான் ஓட்டல் வச்சிருக்கான். பாத்திரம் கழுவ ஆள் வேணும்னான். நானே பேசி விடுறேன்."

"சொல்லலன்னா?"

"ஒப்பந்தம் போயிடும். அப்புறம் எல்லாருமே பாத்திரந்தான் கழுவணும்" என்று சிரித்தான். விரலில் ஒட்டிய சர்க்கரையை நக்கிக்கொண்டே வெளியே போனான்.

அந்த விரலை ஒடிக்க வேண்டும்போல் இருந்தது. நியாயம், கோரிக்கை என்று சங்கத்தில் பேசுகிற அழகான வார்த்தை எதுவும் அப்போது என் மனதில் இல்லை. எனக்குப் பழி வாங்க வேண்டும், அவ்வளவுதான். பத்து பேர் பார்க்க அவன் முகம் சுருங்க வேண்டும்.

"இப்பவே வேலையப் போட்டுட்டு வெளிய போவோம்" என்றாள் ஒருத்தி.

"போனா மத்தியானத்துக்குள்ள கோர்ட்டு சட்டவிரோதம்னு சொல்லிடும்" என்றார் பந்தெலிஸ் அண்ணன். "போன தடவ அப்படித்தான ஆச்சு? நாம சட்டத்த மீறணும்னுதான் அவன் காத்துக்கிட்டிருக்கான்."

"அப்ப மீற வேண்டாம்" என்றேன். "அவன் சொன்னதையே செய்வோம்."

"என்னத்த?"

"இருபது நிமிஷத்துக்கு ஒருக்கா ஆள் மாறுவோம்."

"மாறுறதுக்கு ஆள் எங்கடீ?"

"இல்ல. அதான்."

பந்தெலிஸ் அண்ணன் வயிற்றுப் பட்டையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "அடிப்பாவி! அவன் வாயாலேயே அவனுக்கு ஆப்பா?" என்றார். பூகாட்சாப் பெட்டியை எடுத்துத் தொட்டியில் கவிழ்த்தார். மற்ற வரிசைகளுக்குச் சேதி தட்டுகளோடு போயிற்று. அவர் ஒவ்வொரு வரிசையிலும் தட்டுகளை இறக்கிவைக்கும்போது குனிந்து ஒரு வார்த்தை சொல்வதை நான் திரைக்கு மேலாக பார்த்துக்கொண்டிருந்தேன்.

அமெரிக்கக் கூட்டம் வந்து வரிசை தூண்வரை நீண்டபோது மெலாகிஸ் அதிகாரிகளோடு வந்தான். ஒரு பெண், ஒரு ஆண். அவர்களுக்குப் பின்னால், வரிசைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம், ஸ்டமாட்டா. கோயிலுக்குப் போட்டுக்கொள்ளும் கறுப்புக் கோட்டில் இருந்தாள். ஒரு வாரத்துக்குள் முகம் பாதியாகியிருந்தது.

உள்ளே வருகிற எவரும் சோதனைக்கு உட்பட்டவர்தான். அதிகாரிகள் தாங்களாகவே பைகளைத் தட்டில் வைத்துவிட்டுக் கடந்தார்கள். மெலாகிஸ் வழக்கம்போல ஓரக் கதவைத் திறக்கப் போனான்.

"சார், பை" என்றேன்.

"நான்தாம்மா."

"தெரியுது சார். பையத் தட்டுல வைங்க. பெல்ட்டக் கழட்டுங்க. ஷூவும்."

அதிகாரிகள் திரும்பிப் பார்த்தார்கள். அவனால் மறுக்க முடியவில்லை. பெல்ட்டை உருவினான். கால்சட்டை இடுப்பில் நிற்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டான். அவன் பையில் பெரிய வாசனைத் தண்ணீர் பாட்டில் ஒன்று திரையில் தெரிந்தது. பந்தெலிஸ் அண்ணன் அதை எடுத்து எல்லோருக்கும் தெரிய உயர்த்திக் காட்டினார்.

"அளவு அதிகம் சார்."

"அது பாரிஸ்ல வாங்கினதுய்யா! அங்க விட்டாங்களே!"

வரிசையில் நின்றவர்களே சிரித்துவிட்டார்கள். பாட்டில் தொட்டிக்குள் விழுந்த சத்தம் எனக்கு இனித்தது. இதை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. "பை இன்னொரு தடவ போகணும்" என்று அண்ணன் அதை மறுபடி பெல்ட்டில் வைத்தார். பையும் ஷூவும் இடுப்புப் பெல்ட்டும் இயந்திரத்தின் வயிற்றுக்குள் போயின.

கடிகாரத்தைப் பார்த்தேன். பெல்ட்டை நிறுத்தினேன். எழுந்தேன்.

"என்ன பண்ற? உட்காரு!" என்றான் மெலாகிஸ், காலுறையோடு, கால்சட்டையைப் பிடித்தபடி.

"இருபது நிமிஷம் ஆச்சு சார்."

சோட்டிரிஸ் ஓடி வந்தான். "பின்னாடி எவ்வளவு பேர் நிக்கிறாங்கன்னு பாருடீ! பாதிப் பேருக்கு விமானம் போயிடும்!"

"அப்ப நீங்க உட்காருங்க."

"எனக்கு ஏது உரிமம்?"

அதிகாரிப் பெண் என்னருகே வந்தாள். "மாற்று ஆள் எங்கே?" என்று கேட்டாள்.

"கிடையாது மேடம். இவர் வந்ததுலேருந்து வரிசைக்கு ஒருத்தர்தான்."

"அவ பொய் சொல்றா!" என்றான் மெலாகிஸ். "கேளுங்க, மத்தவங்களக் கேளுங்க. தெனமும் மாறுறாங்க."

"சரி, அப்ப மாத்திக் காட்டுங்க சார்" என்றார் பந்தெலிஸ் அண்ணன்.

மெலாகிஸின் முகம் சுருங்கியது. நான் ஆசைப்பட்டபடியே சுருங்கியது. ஆனால் அதைப் பார்த்ததும் என் பசி அடங்கவில்லை, கூடியது. வாசனைத் தண்ணீரும் கால்சட்டையும் போதவில்லை. ஸ்டமாட்டாவின் அட்டை திரும்பி வர வேண்டும்.

"போன வாரம் அந்தப் பெண் எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருந்தாள்?" என்று அதிகாரிப் பெண் கேட்டாள். குரலில் இரக்கமும் இல்லை, கோபமும் இல்லை.

"விடிஞ்சதுலேருந்து" என்றேன் நான்.

"விடிஞ்சதுலேருந்து" என்றார் பந்தெலிஸ் அண்ணன்.

"விடிஞ்சதுலேருந்து" என்று அடுத்த வரிசையில் ஒரு குரல் வந்தது. அங்கே நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. அதற்கடுத்த வரிசையிலும் கேட்டது. பெல்ட்டுகள் ஒவ்வொன்றாக நின்றன. அந்தக் கூடத்தில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை.

பிறகு பயணிகள் கத்தத் தொடங்கினார்கள். அவர்கள் திட்டியது நியாயம்தான். விமானம் போனால் அவர்கள் பாடு. ஒருவர் பந்தெலிஸ் அண்ணனின் சட்டையைப் பிடித்து, "யாருய்யா இதுக்குப் பொறுப்பு?" என்றார். அண்ணன் முழுக் கையையும் நீட்டிக் காலுறையோடு நின்றவனைக் காட்டினார். கூட்டம் அந்தப் பக்கம் திரும்பியது.

அதிகாரிப் பெண் சக அதிகாரியிடம் ஏதோ முணுமுணுத்துவிட்டு விசாரணை அறையை நோக்கி நடந்தாள். அவர்கள் என்ன முடிவு செய்வார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. இயந்திரத்துக்குள் சிக்கிய பையை எடுக்க முடியாமல் மெலாகிஸ் என் பக்கம் சாய்ந்தான்.

"எவ்வளவு நேரம் நிப்பீங்கன்னு நானும் பாத்துடறேன்" என்றான் பல்லைக் கடித்து.

"உட்காரத்தான் சட்டத்துல நேரம் போட்டிருக்கு சார். நிக்கிறதுக்குப் போடல" என்றேன்.

கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து ஸ்டமாட்டா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தாள். ஆனால் குரல் பழைய குரலாகவே வந்தது.

"அர்கீரோ, கால் கடுக்கும்டீ. ஷூவக் கழட்டிட்டு நில்லு."

நான் கழற்றினேன். பந்தெலிஸ் அண்ணனும் கழற்றினார். தரை குளிர்ச்சியாக இருந்தது.