மூன்று உயிர், ஒரு கடலை

எங்கள் தெருவில் ஓர் உயிரின் விலை முப்பத்து மூன்று யென். விலையை வைத்தவன் நானில்லை. என் காபிக் கடையின் ஜன்னலோர மேஜை அப்படி விற்றது. அது வெறும் மேஜை இல்லை. மேலே கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே திரை, திரைக்குள் விண்வெளி. நூறு யென் நாணயத்தைப் போட்டால் மூன்று கப்பல் கொடுக்கும். உச்சியிலிருந்து வண்டுக்கூட்டம் மாதிரி வரிசை வரிசையாக இறங்கிவரும் எதிரிகளைக் கீழேயிருந்து சுட வேண்டும். மூன்று கப்பலும் வெடித்தால் ஆட்டம் முடிந்தது. ஹோஷிகாரி என்று பெயர். ஒசாகாவில் அந்த நாட்களில் இந்த மேஜை இல்லாத காபிக் கடையைப் பார்த்தால், முதலாளி திவாலாகிவிட்டார் போலிருக்கிறது என்று பேசிக்கொள்வார்கள்.

விலையைக் கணக்குப் போட்டுச் சொன்னது கிகுயோ. நான்கு கடை தள்ளி உலர்ந்த கடல்பாசி விற்கிற கடை அவருடையது. கணவர் போன பிறகு தனியாக நடத்திவந்தார். மதியக் கூட்டம் கலைந்து மூன்று மணிக்கு, ஏப்ரனைக் கூடக் கழற்றாமல், கடல் வாசனையோடு முதல் தடவை உள்ளே வந்தவர் ஒரு நாணயத்தைப் போட்டார், ஒரே நிமிடத்தில் மூன்று கப்பலையும் தொலைத்தார், பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"மாஸ்டர், நூறுக்கு மூணு உயிர்னா ஒண்ணு முப்பத்து மூணு. மூணுக்கும் சேர்த்துத் தொண்ணூத்தொம்பது. மீதி ஒரு யென் எங்க?"

நான் பொத்தான் மொத்த வியாபாரிக்குப் பிறந்தவன். எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேஜையில் ஒரு துண்டு மீனை இந்தத் தட்டிலிருந்து அந்தத் தட்டுக்கு மாற்றுவதற்கே பேரம் நடக்கும். அப்படிப்பட்ட என்னிடம் இத்தனை வருடத்தில் யாரும் அந்த ஒரு யெனைக் கேட்டதில்லை. காபியோடு கொடுக்கிற வறுத்த கடலையில் ஒன்றை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தேன்.

அவர் அதை விரலால் உருட்டிப் பார்த்தார். "சின்னதா இருக்கே" என்றார். வாயில் போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். அவர் போடுகிற ஒவ்வொரு நாணயத்துக்கும் ஒரு கடலை. ஒன்றுக்கு மேல் நான் கொடுத்ததில்லை, ஒன்றுக்குக் குறைய அவர் விட்டதுமில்லை. கொஞ்ச நாளில் நானும் எதிரே உட்கார்ந்து ஆட ஆரம்பித்தேன். அந்த மேஜையில் இரண்டு பேர் எதிரெதிராக உட்கார வேண்டும். ஒருவர் கப்பல் வெடித்ததும் அடுத்தவருக்கு முறை வரும், திரை அப்படியே தலைகீழாகத் திரும்பி அவரைப் பார்க்கும். அவர் ஆடும்போது எனக்கு வேலையில்லை. திரையும் எனக்குத் தலைகீழ். மனிதன் வேறு எங்கே பார்ப்பான்? கண்ணாடியில் குனிந்த அந்த முகத்தை நான்கு வருடம் பார்த்தேன். எதிரி தப்பினால் வலது புருவம் மட்டும் மேலே போகும். மொத்த வரிசையும் காலியானால் கீழுதடு உள்ளே போகும். அதிகப் புள்ளி எடுத்தவர்கள் என்று எந்திரம் காட்டும் பெயர்ப் பட்டியலில் முதலிடத்தில் கிகு, அதற்கு ரொம்பத் தூரம் கீழே ஹிரோ. ஹிரோ நான்தான்.

அந்தப் பட்டியலில் ஒரு சங்கடம் உண்டு. பிளக்கைப் பிடுங்கினால் எந்திரம் எல்லாப் பெயரையும் மறந்துவிடும். மற்ற கடைக்காரர்கள் இரவு பூட்டும்போது பிடுங்கிவிடுவார்கள். நான் பிடுங்குவதில்லை. இத்தனைக்கும் மின்சாரக் கணக்குக்குப் பயந்து குளிர்பெட்டியின் கதவைக் கூடப் பாதிதான் திறக்கிறவன் நான்.

ஒருநாள் கிகுயோ நாணயத்தை வெளியே எடுக்காமல் உட்கார்ந்தார்.

"நம்ம ஹோஷிகாரி வீட்டுக்கே வந்துடுச்சு, மாஸ்டர். டிவியில சொருகி ஆடற பெட்டி இருக்குல்ல, செவப்பும் வெள்ளையுமா. அதுக்குக் கேசட் போட்டிருக்காங்க. டோக்கியோ மாப்பிள்ளை ரெண்டையும் வாங்கி அனுப்பிச்சிருக்கார்."

"எவ்வளவாம்?"

"லேபிள்ல என்ன போட்டிருந்துச்சோ அதைக் குடுத்திருக்கார்."

ஒரு குடும்பத்தில் இப்படியொன்று நடந்துவிட்டால் வெளியாட்கள் என்ன சொல்ல முடியும்?

"நல்ல மனுஷன்தான்" என்றார் அவர் மெல்ல. "பேரம் பேசத் தெரியாது. யாரோ என் பொண்ணுக்குப் போன் பண்ணி, உங்கம்மா தெனமும் மூணு மணிக்குக் காபிக் கடையில அந்த ஆளோட உக்காந்திருக்காங்கன்னு சொல்லியிருக்காங்க. அதான் இந்தப் பரிசு. வீட்டுலயே ஆடலாம். காசும் மிச்சம்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

இங்கே எங்கள் ஊர் நடப்பைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவில் பிடித்த சரக்கைப் பிடித்திருக்கிறது என்று ஒருவன் சொன்னால், அவனைக் குழந்தை என்று நினைத்துக் கையைப் பிடித்து வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். பிடித்ததைத்தான் மட்டம் தட்ட வேண்டும். துணி சாயம் போகும், மீன் நேற்றைய மீன், எனக்கென்ன, பக்கத்துக் கடையில் இதைவிட நல்லது கிடைக்கும். அந்த நொடியில் என் வாய் பழகின வழியில் போய்விட்டது.

"நல்லதாப் போச்சு முதலாளியம்மா. இது பழைய சரக்கு. கப்பலை நகர்த்தற குச்சி வேற ஆடுது. இந்த மேஜையை எடுத்துட்டு நாலு நாற்காலி போட்டா நாலு பேர் டோஸ்ட் சாப்பிடுவாங்க."

"அப்படியா" என்றார் கிகுயோ. "எனக்கும் இங்க வந்து வந்து இடுப்பு வலிதான் மிச்சம். காபியும் முன்ன மாதிரி இல்ல."

எழுந்தார். மெதுவாக நடந்து வாசலில் நின்று ஏப்ரனைத் தட்டிவிட்டுக்கொண்டார். அதில் தூசி இல்லை. இதுவும் எங்களுக்குத் தெரிந்த கட்டம்தான். வாங்க வந்தவர் வேண்டாமென்று கிளம்புவார், மூன்றாவது கடையைத் தாண்டுவதற்குள் விற்கிறவர் கூப்பிட வேண்டும். முதலில் கூப்பிடுகிறவர் விலையை இறக்க வேண்டும். நான் ஒரு டம்ளரைத் துடைத்தேன். அவர் ஊறுகாய்க் கடையைத் தாண்டினார். செருப்புக் கடையைத் தாண்டினார். குடைக் கடை வாசலில் நின்று, மழையே இல்லாத நாளில் ஒரு குடையை விரித்துப் பார்த்தார். நான் அதே டம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். குடையை மடக்கி வைத்துவிட்டு அவர் போய்விட்டார். நானும் விலையை விட்டுக்கொடுக்கவில்லை, அவரும் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு கெட்டிக்காரர்கள் கூடி ஒரு நல்ல வியாபாரத்தைக் கொன்றோம்.

அதன் பிறகு மூன்று மணிக்கு யாரும் வரவில்லை. மேஜையை வாடகைக்கு விட்டிருக்கும் கம்பெனியின் ஆள் சொகாபே காசுப் பெட்டியைத் திறக்க வந்தான். உள்ளே கையை விட்டுத் துழாவி இரண்டு நாணயங்களை எடுத்தான்.

"ரெண்டும் உங்களுதுதானே மாஸ்டர்?"

"எப்படிச் சொல்றே?"

"காபித்தூள் ஒட்டியிருக்கு." அவன் குனிந்து பிளக்கைப் பார்த்தான். "ஊரெல்லாம் இப்ப வீட்டுலதான் ஆடுது. போட்டு வச்சு என்ன பண்ணப் போறீங்க? வெள்ளிக்கிழமை காலையில வண்டி கொண்டாந்து எடுத்துக்கறேன்."

"அதுல பேரெல்லாம் இருக்கு."

"கிடங்குக்குப் போற எந்திரத்துக்குப் பேர் எதுக்கு?"

புதன்கிழமை மூன்று மணிக்குக் கடைக் கதவில் 'மூடியிருக்கிறது' பலகையை மாட்டிவிட்டுக் கடல்பாசிக் கடைக்குப் போனேன். ஜேபியில் ஒரு பிடி கடலை. ஏன் எடுத்தேன் என்று அப்போது கேட்டிருந்தால், பசிக்கும் என்றுதான் சொல்லியிருப்பேன். கிகுயோ தராசுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"கடல்பாசி வேணும்" என்றேன்.

"காபியில போடவா?"

"எவ்வளவு?"

விலையைச் சொன்னார். தடிமனாக இருக்கிறது என்றேன். மெல்லிசு வேண்டுமென்றால் கண்ணாடிக் கடைக்குப் போங்க என்றார். பத்து யென் இறக்கினார், நான் இன்னொரு பத்து கேட்டேன். இரண்டு பேருக்குமே கடல்பாசி மேல் கண் இல்லை. திரைச்சீலைக்குப் பின்னால் பாய் விரித்த அறையில் டிவி எரிந்துகொண்டிருப்பது தெரிந்தது. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"வேணும்னா வந்து பாருங்க. பாக்கறதுக்குக் காசு இல்ல."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். பெட்டியிலிருந்து இரண்டு கைப்பிடிகள் வந்தன. வயர் ரொம்பக் குட்டை. இரண்டு பேரும் தோள் உரசுகிற மாதிரி டிவிக்குக் கிட்டே உட்கார்ந்தால்தான் எட்டும். நான்கு வருடம் நேருக்கு நேராகப் பார்த்த முகம் இப்போது பக்கவாட்டில் வந்தது. காதுக்குக் கீழே ஒரு மச்சம். இத்தனை நாள் இது இருந்ததே எனக்குத் தெரியாது.

"முதல்ல எண்ணுங்க" என்றார், எதிரிகளைக் காட்டி.

எண்ணினேன். "எட்டு."

"உங்க கடையில?"

"வரிசைக்குப் பத்து."

"ரெண்டு குறையுது. எல்லா வரிசையிலயும் ரெண்டு. லேபிள் விலைய வாங்கிட்டு அளவைக் குறைச்சிருக்கான். சரி போவட்டும். இது அகல டிவி, உயரம் கம்மி. அவனுங்க கெளம்பினதும் வந்து நிக்கறானுங்க. ஒரு நிமிஷம் பயப்படக் கூட நேரம் குடுக்கறதில்ல." கொஞ்சம் நிறுத்தினார். "அதோட செத்தா ஒண்ணும் போகல. திரும்ப அமுக்கினா திரும்ப மூணு உயிர். சும்மா வர்ற உயிரை யார் காப்பாத்துவா? கை சும்மா தூங்குது."

டிவிக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. அவர் ஒரு நூறு யென் நாணயத்தை அதற்குள் போட்டார். டங் என்றது.

"என்ன இது?"

"ஒவ்வொரு ஆட்டத்துக்கும் போடறேன். அப்பத்தான் கை முழிக்குது." கண்ணை டிவியிலிருந்து எடுக்காமல் சொன்னார். "பதினேழு ஆச்சு. என்ன, மீதி ஒரு யெனுக்குக் கடலை வைக்க ஆள் இல்ல."

வியாபாரத்தில் பிறந்தவன் எதிராளி கையிலிருந்து ஒரு சீட்டு கீழே விழுந்தால் கவனிக்காமல் இருக்க மாட்டான். குனிந்து எடுத்துத் திரும்பக் கொடுப்பதா, அதை வைத்து ஜெயிப்பதா என்றுதான் யோசிப்பான். இந்தப் பெட்டியில் முறை கிடையாது, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆட வேண்டும்; நான் யோசிப்பதற்குள் என் கப்பல் ஒன்று வெடித்தது.

"என் பேர் இன்னும் மேல இருக்கா?" என்றார்.

"இருக்கு."

"ராத்திரி பிளக்கைப் பிடுங்கலையா?"

"மறந்துட்டேன்."

"நாலு வருஷமாவா?"

இரண்டாவது கப்பலும் போயிற்று. கடைசிக் கப்பலோடு மூலையில் ஒதுங்கிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக மட்டம் தட்டாமல் ஒரு விலையைச் சொன்னேன்.

"முதலாளியம்மா, நான் அன்னிக்குச் சொன்னது பூரா பேரம். குச்சி ஆடல. டோஸ்ட் சாப்பிட எவனும் வரல. வெள்ளிக்கிழமை சொகாபே வந்து மேஜையைத் தூக்கிட்டுப் போறான். நீங்க திரும்ப வரணும். எதிர்ல உக்காரணும். இது லேபிள் விலை. குறைக்க மாட்டேன், குறைக்கவும் தெரியல."

எதிரி ஒருத்தன் என் தலைக்கு நேரே சுட்டான். தப்ப இடமில்லை. அப்போது ட்ரிங் என்று ஒரு சத்தம், எல்லாம் அப்படியே நின்றது. கிகுயோவின் கைப்பிடியில் ஒரு பொத்தான் உண்டு, அழுத்தினால் ஆட்டம் நிற்கும். என் கைப்பிடியில் அது இல்லை. என் கடை மேஜையிலும் கிடையாது. அங்கே யாருக்காகவும் எதுவும் நிற்காது.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் 'யோசிச்சுச் சொல்றேன்' என்று சொன்னால் கதவைச் சாத்திவிட்டார்கள் என்று அர்த்தம். அந்த வார்த்தை எப்போது வரும் என்று காத்திருந்தேன்.

"லேபிள் விலையா" என்றார் கடைசியில். "நீங்களும் எங்க மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டீங்களே." பிறகு, "சொகாபே எத்தனை மணிக்கு வர்றான்?"

"பத்து."

"அவன் பேரத்துல எப்படி?"

"சுமார்தான்."

வலது புருவம் மேலே போயிற்று. பக்கத்திலிருந்து பார்த்தால் அது இன்னும் உயரமாகப் போவது மாதிரி இருந்தது. பிஸ்கட் டப்பாவின் மூடியைக் கழற்றிப் பாயில் எனக்கு முன்னால் மல்லாக்க வைத்தார்.

"அதை அப்புறம் பாப்போம். முதல்ல பழைய கணக்கு. பதினேழு ஆட்டம்."

ஜேபியில் கை விட்டேன். ஒவ்வொன்றாக எடுத்து மூடியில் வைத்தேன். அவர் உதடு அசைய எண்ணினார். பதினாறாவதோடு நிறுத்தினேன். ஜேபிக்குள் இன்னும் இருந்தன. ஆனால் திரும்பப் பார்க்க வேண்டிய ஆளோடு கணக்கை நேர் பண்ணிக்கொள்ளக் கூடாது என்று எங்கள் அப்பா கடைசிக் குரோஸில், அதாவது பன்னிரண்டு டஜன் பொத்தானில், ஒன்றை எப்போதும் பிடித்து வைத்துக்கொள்வார்.

"ஒண்ணு குறையுது, மாஸ்டர்."

"தீந்துடுச்சு. கடையில இருக்கு."

அவர் என் ஜேபியைப் பார்த்தார். அது புடைத்திருந்தது. ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டு மெதுவாக மென்றார். டிவியில் எட்டு எட்டாக எதிரிகள் அந்தரத்தில் நின்றார்கள், குண்டு என் கப்பலுக்கு ஒரு விரற்கடை மேலே தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கட்டைவிரல் பொத்தானின் மேல்தான் இருந்தது, ஆட்டத்தைத் திரும்ப ஓட்ட இன்னும் அழுத்தவில்லை. அவருக்கு உயிர் இரண்டு. எனக்கு ஒன்று. கடலை பதினாறு வரவு, ஒன்று பாக்கி.