இரண்டு மூக்குள்ள அரசர்

1

இந்தக் கதை ஒரு பிழையான காசிலிருந்து வந்தது; முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஹங்கேரியில், எஸ்டர்கோம் நகரில் எங்கள் அடுத்த வீட்டுக்காரர் தோட்டம் கொத்தும்போது எடுத்துக் காட்டினார்: நகத்தளவு வெள்ளி, அதில் அரசருக்கு இரண்டு மூக்கு. சுத்தியல் அடி விழுந்த நொடியில் அச்சைப் பிடித்த கை அசைந்திருக்கிறது. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவன் பயந்த பயம் என் உள்ளங்கையில்.

2

முதல் தொடக்கம்: "சுத்தியல்கள் முழங்கிய அந்தப் பொற்காலத்தில்…" (வேண்டாம். முழக்கம் எனக்கு வராது.)

சரி, நேராகவே சொல்கிறேன். காசுப் பட்டறையில் இரண்டு பேர். மரக்கட்டையில் பதித்த கீழ் அச்சின்மேல் வெள்ளித் தகட்டை வைத்து, அதன்மேல் மேல் அச்சை இடது கையால் பிடிப்பவன் செபான். சுத்தியலால் அடிப்பவன் அவன் மனைவியின் அண்ணன் போஷா. போன குளிர்காலத்தில் போஷாவின் குறி தவறிச் செபானின் இரண்டு விரல்கள் நசுங்கின. புண் ஆறிவிட்டது. ஆனால் சுத்தியல் உயர்ந்தாலே கை தானாக ஒதுங்குகிறது, காசு கெடுகிறது.

3

ஆண்டுதோறும் ஈஸ்டர் கழிந்ததும் காசுக்குப் புது உருவம். முதல் காசை, காசுகளைச் சோதிக்க வரும் பேராயரின் ஆள் முன்னால் அடிக்க வேண்டும். அது இன்று. கெட்டால் செபானுக்குப் பட்டறையில் இடமில்லை. வேறு தொழிலும் அவனுக்குத் தெரியாது.

(போஷாவை முரடனாக நினைத்துத்தான் எழுதத் தொடங்கினேன். இனி வருவதை எழுதியபோது வெட்கமாகிவிட்டது.)

"என்ன மாப்ள, ராஜாவுக்கு இன்னைக்கு எத்தன மூக்கு?" என்றான் போஷா.

"உன் சுத்தியலக் கேளு மச்சான். கண்ணு தெரியாதது அதுக்குத்தான்."

வாசலில் பேராயரின் ஆள் காலணிச் சேற்றைத் தட்டிக்கொண்டிருந்தார். போஷா சுத்தியலைச் செபானிடம் நீட்டினான்.

"நான் பிடிக்கிறேன். நீ அடி."

"கிறுக்கா உனக்கு? நான் இதத் தொட்டதே இல்ல. கையில போட்டுட்டா?"

"போட்டா நாம ரெண்டு பேரும் ஜோடி. சீக்கிரம், மனுஷன் உள்ள வர்றாரு."

செபான் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு சுத்தியலை வாங்கினான். போஷா அச்சை நிமிர்த்திப் பிடித்தான்.

4

ஒரு முடிவு: காசு பளிச்சென்று விழுந்தது, எல்லோரும்… (கோடிட்டு அடித்துவிட்டேன்.)

இன்னொன்று: போஷாவின் விரல்… (இதையும்.)

கடவுள் காசைப் பார்க்குமுன் அச்சைப் பிடித்த அந்தக் கையைப் பார்த்திருப்பார் என்று நம்புகிறேன். அதற்குமேல் எனக்குத் தெரியாது.

சுத்தியல் மேலே நிற்கிறது. போஷா கண்ணை மூடவில்லை. நீங்களே இறக்குங்கள். அவன் விரலுக்குப் பயந்து மெதுவாக மட்டும் அடிக்காதீர்கள். மெதுவாக அடித்தால் வெள்ளியில் எதுவும் பதியாது.