செங்கல்வராயன் நடந்து தின்றது

சேக்காட்டில் வேம்புலியம்மாள் ஒரு வாய்க் கஞ்சிகூடத் தொண்டையில் இறங்காமல் நாலு வருஷம் உயிரோடு இருந்தாள். அவள் புருஷன் செங்கல்வராயன் பூந்தமல்லிக்கு நடந்துபோய்த் தின்றதெல்லாம் அவள் வயிற்றில் சேர்ந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதில் அவளுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பெரிய ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். துக்கம் தாளாமல் ஒருநாள் கால்போன போக்கில் நடந்த செங்கல்வராயன், பூந்தமல்லிப் பெருமாள் கோயில் வாசலில் யாரோ நீட்டிய புளியோதரையைத் தின்றார். வீடு திரும்பியபோது வேம்புலியம்மாள் எழுந்து உட்கார்ந்து உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "உப்பு கம்மி" என்றாள்.

பஸ்ஸில் போய்த் தின்றால் அது அவர் வயிற்றிலேயே தங்கிவிட்டது. உள்ளூர்ப் பண்டமும் அப்படித்தான். ஆகவே ஆலையில் ஷிப்டு முடிந்ததும் நடந்தார். பாரிவாக்கத்தில் பனங்கிழங்கு, மசூதித் தெருவில் ஆட்டுக்கால் பாயா, வழியில் கிடைத்தால் வறுத்த கெளுத்தி. தன் பசிக்கு வீட்டில் கூழ் கரைத்துக் குடித்தார். எழுபத்தொன்றில் கள்ளுக்கடை திறந்தபோது, பூந்தமல்லியில் இடிந்த கோட்டைச் சுவரோரம் மொச்சைச் சுண்டலோடு இரண்டு மொந்தை குடித்தார். அன்று சேக்காட்டில் வேம்புலியம்மாள் படுத்தபடியே பாட்டுப் பாடி, பக்கத்து வீட்டு வசந்தாவைச் சண்டைக்கு இழுத்தாள்.

"குடி அண்ணாத்தே, வேணாங்கல" என்றாள் வசந்தா மறுநாள். "அளவா குடி. என் ஏழு தலைமொறையயும் இஸ்துட்டா உன் பொண்டாட்டி."

பிறகு கள்ளுக்கடை கங்காதரன் ஒரு மொந்தைக்குமேல் ஊற்றியதில்லை. "அக்காக்கு நேத்து புளிச்சிதா மச்சான்?" என்று மட்டும் கேட்டுக்கொள்வான்.

எழுபத்துநாலு ஆடியில் கள்ளுக்கடைகளை மூடப்போவதாகச் செய்தி வந்தது. மூடுவதற்குள் இன்னும் ஒரு மொந்தை வேண்டும் என்றாள் வேம்புலியம்மாள். அதற்குள் செங்கல்வராயன், அவள் தொண்டை திறந்தால் போதும் என்று அம்மனுக்கு வேண்டிக்கொண்டு, தீமிதிக்கக் காப்புக் கட்டிவிட்டிருந்தார். காப்புக் கட்டியவன் ஊரெல்லை தாண்டக்கூடாது. அது அவருக்குத் தெரியும். அவளுக்காக எடுத்த நோன்பு என்பதால், அந்தச் சில நாளைக்கு அம்மனே பசி அமர்த்துவாள் என்று நம்பினார்.

"பசிக்குதுய்யா."

"தீ மிதிச்சிட்டா தொண்ட தொறந்துரும்மே. அதுவரிக்கும் பொறுத்துக்க."

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் எல்லைக்கல்வரை ஓடி ஒரு காலைத் தூக்கினார். பூசாரி தேவராஜ் பின்னாலேயே வந்து நின்றார்.

"கையில கயிறு கீது நைனா. தாண்டுனா உனக்கு ஒண்ணியும் ஆவாது, அவளுக்குத்தான் ஆவாது."

தூக்கிய காலைப் பின்னுக்கு வைத்தார்.

தீ மிதித்தபோது அவர் பாதத்தில் ஒரு கொப்புளமும் எழவில்லை. மஞ்சள் வேட்டியோடு வீட்டுக்கு ஓடினார். வாசலில் வசந்தா தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தாள். அம்மன் வேண்டுதலைத் தட்டவில்லை. மறுநாள் அவர் வாய்க்கரிசி போட்டபோது, அரிசி ஒன்றுகூட வாயில் தங்காமல் தொண்டைக்குள் இறங்கியது. இன்னும் ஒரு பிடி போட்டார். அதுவும் இறங்கியது. பங்காளிகள் அவர் கையைப் பிடித்து நிறுத்தவேண்டியிருந்தது.

காரியம் முடிந்ததும் பூந்தமல்லிக்கு நடந்தார். கள்ளுக்கடை மூடிக்கிடந்தது. பாயாக் கடையில் வயிறு முட்டத் தின்றும் பசி அடங்கவில்லை. அன்று சாயங்காலம் சேக்காட்டு இடுகாட்டுப் பக்கமிருந்து நீளமாக ஒரு ஏப்பம் கேட்டது. குழாயடியில் நின்றிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னிக்கு காரம் தூக்கல் போல" என்று சொல்லிவிட்டு, வசந்தா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.