மாப்பிள்ளைக்கு ஈரல் ஆகாது

அந்த வீட்டில் மாப்பிள்ளை என்றால் அது மீன்தான். முழங்கை நீளக் கெளுத்தி. அகன்ற வாய், ஆறு மீசை. தொட்டி மூலையில் கிடக்கும் மண்குழாய்க்குள் உடம்பை நுழைத்துக்கொண்டு மூஞ்சியை மட்டும் வெளியே காட்டும். "வேளாவேளைக்குத் தின்னுட்டு, யாரையும் ஏறெடுத்துப் பாக்காம ஒரு மூலையில படுத்துக் கிடக்குதே, இது மாப்பிள்ளை இல்லாம வேற என்னக்கா?" என்று தங்கை வைத்த பெயர். அப்போது அக்காவைக் கட்டின நிஜ மாப்பிள்ளையும் வீட்டில்தான் இருந்தான். அவனும் சேர்ந்து சிரித்தான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். எட்டு மாதத்துக்கு முன்னால், வேறு ஊரில் இருபது மாடிக் கட்டடத்தில் வேலை என்று துணிப்பையையும் கருவிப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனான். மூன்று மாதம் என்றான். அப்புறம் இன்னும் கொஞ்ச நாள் என்றான். அதற்கப்புறம் நாளைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அக்கம்பக்கத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். அக்கா எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கட்டினவளை விட்டுவிட்டுப் போகிற ஆம்பளை உலகத்தில் உண்டு. ஆனால் உயிரையே வைத்திருந்த மீனை இவன் விட்டுவிட்டுப் போகமாட்டான். மீன் இங்கே இருக்கிறது, அதனால் அவன் வருவான். இதைத் தங்கையிடம் வாய்விட்டே சொன்னாள். தங்கை தலையில் அடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவனிடமிருந்து போன் வரும்.

"மாப்பிள்ளை சாப்பிட்டானா?"

"சாப்பிட்டான்."

"ஈரல்தானே போட்ட?"

"ஈரல்தான்."

"தண்ணி மாத்தினியா?"

"மாத்தினேங்க."

"சரி, வெச்சிடறேன்."

நீ சாப்பிட்டியா என்று மறந்தும் ஒரு வார்த்தை கேட்டதில்லை, மகராசன். ஆனாலும் அந்த அரை நிமிஷத்துக்காக அவள் ஒன்பதரைக்கே தலை வாரிக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். போனில் தலை தெரியுமா என்று தங்கை கேட்டால் முறைப்பாள்.

இதில் ஈரல் என்பது சுத்தப் பொய். அவன் இருந்தவரை தினமும் கோழி ஈரல்தான். கூட்டாளிகள் வந்துவிட்டால் உயிரோடு தங்கமீனை விட்டு, அதை ஒரே வாயில் விழுங்குவதைக் காட்டிக் கைதட்டல் வாங்குவான். அவன் போன இரண்டாவது மாதம் மாப்பிள்ளைக்கு வயிறு ஊதிப்போய்த் தன் குழாய்க்குள்ளேயே நுழைய முடியவில்லை. அக்கா பதறிப்போய் வளர்ப்பு மீன்கடைக்காரரிடம் ஓடினாள்.

"ஈரலா? தினமுமா? நல்லா வளத்தீங்க போங்க!" என்றார் அவர். "கோழிக் கொழுப்பு இதுக்குச் செரிக்காதும்மா. எல்லாம் உள்ள போய் இதோட ஈரல்லயே படிஞ்சிரும். கறி தின்னுற மீனுன்னா எந்தக் கறியும் ஆகும்னு அர்த்தமா? தண்ணியில கிடைக்கறதைப் போடுங்க. உரிச்ச இறால், முள்ளெடுத்த வெள்ளை மீன், சிப்பிக்கறி, மண்புழு. கூடவே அடியில போய் உக்கார்ற தீனி உருண்டை. வளந்த மீனுக்கு வாரம் மூணு தடவை போதும், மத்த நாள் சும்மா கிடக்கட்டும். உயிர் மீனு வேணவே வேணாம், நோயையும் கூட்டிக்கிட்டு வரும்."

அக்காவுக்கு மருந்துக்கடையில் வேலை. நாள் முழுக்க, இது வெறும் வயிற்றில், இது சாப்பிட்ட பிறகு என்று சொல்லிச் சொல்லியே வாய் வலிப்பவள். அவர் சொன்னதையெல்லாம் சீட்டில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். திங்கள் இறால். புதன் மீன். வெள்ளி சிப்பி அல்லது புழு, கூட இரண்டு உருண்டை. மீதி நாள் பட்டினி.

அந்த வார ஞாயிற்றுக்கிழமையே அவனிடம் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். "என் மீனுக்கு என்ன போடணும்னு எனக்கு நீ கத்துக்குடுக்கறியா?" என்று கத்திவிட்டு வைத்தான். அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாவது ஞாயிறு மணி அடித்து, "ஈரல்தானே போட்ட?" என்றதும், "ஈரல்தாங்க" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அதுதான் பதில்.

மாப்பிள்ளையும் லேசில் மசியவில்லை. ஈரல்தான் வேண்டும் என்று அடம். வேலை முடிந்து வந்ததும் தொட்டி விளக்கை அணைத்துவிட்டு, நீளக் கிடுக்கியில் இறாலைப் பிடித்து அதன் மீசையருகே ஆட்டுவாள். அது முகர்ந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கும். வைத்த இறாலைத் தண்ணீர் கெடுவதற்குள் எடுத்துக் கொட்டுவாள். பத்தொன்பது நாள்! அழுகையே வந்துவிட்டது. "செத்துகித்துத் தொலைக்காதடா, உன்னை வெச்சுத்தான் என் பொழப்பு ஓடுது" என்று கண்ணாடியில் தலையை முட்டிக்கொண்டு கெஞ்சினாள். இருபதாம் நாள் லபக்கென்று வாங்கியது. அடுத்த மாதமே இறாலுக்குள் ஒளித்து வைத்த உருண்டையையும் தின்னப் பழகியது. வயிறு வற்றியது, மங்கிக் கிடந்த உடம்பு பளபளத்தது. அவள் வீட்டுக்குள் வந்தால் குழாயை விட்டு வெளியே வந்து கண்ணாடியோரம் நிற்கும். அந்த வீட்டில் அவள் வருகைக்காக எழுந்த ஆம்பளை அது ஒன்றுதான்.

எட்டாம் மாதத்தில் ஒரு ஞாயிறு அவன் போனில் சொன்னான்: "அடுத்த ஞாயித்துக்கிழமை வரேன். வெள்ளிக்கிழமையில இருந்து அவனுக்கு ஒண்ணும் போடாத."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "கேட்டியாடி? வந்ததும் தன் கையாலயே போடணுமாம். பசியோட இருந்தாத்தானே ஆசையா வாங்கித் திங்கும், அதான்!" என்று தங்கையிடம் குதித்தாள். திரைச்சீலை துவைத்தாள். இரண்டு தலையணைக்கும் புது உறை போட்டாள். சனிக்கிழமை மதியம் லீவு போட்டுவிட்டு, புது வலை ஒன்று வாங்க மீன்கடைக்குப் போனாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் அவரிடமும் சொன்னாள்.

"ரெண்டு நாள் பட்டினி போடச் சொன்னாரா?" என்றார் கடைக்காரர். கையிலிருந்த வலையை உதறி மாட்டினார். "இருக்கும்மா. கையால போடறதுக்காகத்தான் இருக்கும்."

"ஏண்ணே, வேற எதுக்காவது அப்படிச் செய்வாங்களா?"

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல், மாட்டிய வலையையே சரிசெய்தார். "இடம் மாத்தறப்ப செய்வோம்மா. வயித்துல தீனி இருந்தா போற வழியிலயே கக்கிரும். மூடின டப்பாவுல தண்ணி கெட்டு மீனு செத்துப்போயிரும்."

அவள் வலையை வாங்காமலே வீட்டுக்கு வந்தாள். மாப்பிள்ளை கண்ணாடியோரம் வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. ஃபிரிட்ஜிலிருந்து இறாலை எடுத்தாள். தண்ணீரில் ஊறவைத்து, கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு தொட்டி முன்னால் உட்கார்ந்தாள். நாலு இறால் போட்டால் போதும். போகிற வழியில் செத்துப்போகும், அவனுக்கும் இல்லை என்றாகிவிடும். நன்றாக வேண்டும் அவனுக்கு! வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு, இறாலைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தாள்.

ஞாயிறு காலை பத்து மணிக்கே வந்துவிட்டான், வேனோடு. டிரைவரும் அவனுமாக மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் தொட்டியும் பேட்டரியில் ஓடும் காற்று மோட்டாரும் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். அவள் சமைத்து மூடி வைத்திருந்த பாத்திரங்களைத் தள்ளிவிட்டு மேசையில் இடம் பண்ணினான்.

"அங்க வீட்டுல பெரிய கண்ணாடித் தொட்டி வாங்கியாச்சு," என்றான், குழாயோடு சேர்த்து மீனைத் தூக்கியபடி. "பாப்பா வேற மீன் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்குது."

"எந்த வீடு? எந்தப் பாப்பா?"

"அவளோட பொண்ணு. எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே கேக்காத."

"எனக்குத் தெரியாதுங்க," என்றாள் அவள். "சத்தியமா நான் நம்பலை. எட்டு மாசம் இங்க ஒருத்தி உக்காந்திருந்தாளே, என்னைப் பாத்தா உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?"

"வேன் நிக்குது. டிரைவர் முன்னால சீன் போடாத," என்றான்.

சமையலறை வாசலில் நின்ற தங்கை, "மனுசனா நீங்கள்லாம்?" என்று கத்தினாள். அவன் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

படியில் இறங்குமுன் தொட்டி மூடியைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தான். அதிசயமாக அவள் முகத்தையும் பார்த்தான். "நல்லாத்தான் வெச்சிருக்க. சும்மா தகதகன்னு இருக்கான். என்ன போட்ட?"

ஃபிரிட்ஜ் கதவிலிருந்து பிய்த்த சீட்டு அவள் கைக்குள்தான் இருந்தது. கொடுக்கத்தான் எடுத்து வைத்திருந்தாள். விரலை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"நீங்க சொன்னதுதான். ஈரல்."

"நான் சொல்லல?" என்றான் டிரைவரிடம், பெருமையாக. வேன் போய்விட்டது.

திங்கட்கிழமை மாலை கை தானாக இறாலை எடுத்தது. தொட்டியில் வெறும் தண்ணீர்தான் இருந்தது. புதன்கிழமை வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அதற்குமேல் முடியவில்லை. அவன் எக்கேடும் கெட்டுப்போகட்டும், அந்த வாயில்லா ஜீவன் என்ன பாவம் செய்தது? மதியச் சாப்பாட்டு நேரத்தில் மருந்துக்கடைக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நின்று, கல்யாணம் ஆனதிலிருந்து முதல் தடவையாகப் பயமில்லாமல் அவனுக்குப் போன் செய்தாள்.

"என்னங்க, நான் பொய் சொல்லிட்டேன். அதுக்கு ஈரல் ஆகாது. ஆறு மாசமா நான் போடவேயில்லை. இறால், மீன், சிப்பி, வாரம் மூணு தடவைதான். எழுதி அனுப்பறேன். ஈரல் போட்டீங்கன்னா செத்துப்போயிரும்ங்க."

அந்தப் பக்கம் அவன் சிரித்தான். "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நீயேதான் ஈரல்னு சொன்ன. அன்னிக்கு வாசல்ல நின்னுக்கிட்டும் ஈரல்னுதான் சொன்ன. இங்க வந்ததும் ஆகாதாமா? ஒரு குழந்தை ஆசையா தீனி போடறது உனக்குப் பொறுக்கலை. வயித்தெரிச்சல் புடிச்சவளே."

"மீன் மேல சத்தியமா சொல்றேங்க..."

பின்னால் ஒரு சின்னக் குரல் கேட்டது: "அப்பா, இன்னொரு துண்டு போடட்டா?"

"போடுடா கண்ணு, நிறையப் போடு," என்றான் அவன். போன் அறுந்தது. திரும்ப அடித்தாள். மூன்று தடவை அடித்தாள். எடுக்கவில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு கடைக்குள் வந்தாள். வரிசையில் முதலில் நின்ற பெரியவர் மாத்திரை அட்டையை நீட்டி, "இது சாப்பாட்டுக்கு முன்னாடியாம்மா, பின்னாடியா?" என்றார்.

"பின்னாடி. ராத்திரி ஒண்ணு மட்டும். மறந்துட்டோம்னு ரெண்டா போட்டுக்காதீங்க," என்றாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. "எங்க, திருப்பிச் சொல்லுங்க."

"சாப்பிட்ட பின்னாடி. ராத்திரி ஒண்ணு," என்றார் அவர். ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி கேட்காமல், அவள் சொன்னதை அப்படியே நம்பிக்கொண்டு போனார்.