ஊசி கடைசி மேசையில்

புதன்கிழமை என்றால் ஊசி. திருவண்ணாமலையில் பிள்ளை பெற்ற எவருக்கும் இதை மைக் வைத்துச் சொல்லவேண்டியதில்லை. காலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைச் சுகாதார நிலையத்துக்குப் போனால், நர்ஸ் திரௌபதி ஊசியைப் போட்டு, அழுகிற பிள்ளையைத் தட்டிக்கொடுத்து அனுப்பிவிடுவார். பல வருஷமாக ஒழுங்காக நடந்துவந்த காரியம். ஒரு காரியம் ஒழுங்காக நடப்பதை மேலே இருப்பவர்கள் எத்தனை நாளைக்குத்தான் பொறுத்துக்கொள்வார்கள்?

அதனால் ஒருங்கிணைத்தார்கள். கை கழுவும் முறை, சத்துணவுக் கண்காட்சி, பல், கண், எடை, ஊசி எல்லாம் ஒரே கூரையின்கீழ், ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் ஒரு கல்யாண மண்டபத்தில். யோசனையை யாரும் குறை சொல்ல முடியாது. அது ஒருங்கிணைப்பாளர் சக்கரபாணியின் கையில் சிக்கியதுதான் அதன் தலையெழுத்து.

அருணாதேவிக்குக் கோயில் பக்கம் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலை. அந்தப் புதனுக்கு மறுநாள் பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் வருகிற நேரத்தில் அரை நாள் லீவு கேட்டதற்கு, மேனேஜர் தன்னுடைய கிட்னியைக் கேட்டதுபோல் முகத்தை வைத்துக்கொண்டார். ஆனாலும் கேட்டே தீரவேண்டியிருந்தது. அடுத்த தெருவில் இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கு மணல்வாரி அம்மை கண்டு, வாசலில் வேப்பிலை செருகியிருந்தார்கள். அவள் மகள் இனியாவுக்குப் போன வாரம்தான் ஒன்பது மாதம் முடிந்தது. அம்மைத் தடுப்பூசிக்கு அதுதான் வயது. இன்றைக்கு விட்டால் அடுத்த புதன்தான். அதுவரை தினமும் அந்தத் தெரு வழியாகத்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும்.

மண்டபத்தில் முதலில் கை கழுவக் கற்றுக்கொடுத்தார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதால் சைகையிலேயே கழுவினார்கள். அடுத்து கண்காட்சி. அதில் இருந்த பப்பாளியைத் தொடக்கூடாது என்று எழுதி வைத்திருந்தார்கள். மூன்றாவது பல் மேசை. அங்கே டாக்டர் வரவில்லை. வரிசை அத்தோடு நின்றது நின்றதுதான். இனியாவுக்குக் கீழே இரண்டு அரிசிப் பல் முளைத்திருந்தது. அந்த இரண்டையும் ஒரு நிபுணர் வந்து பார்க்காமல் மேற்கொண்டு ஒரு அடி நகரக்கூடாதாம்.

கோடியில் திரௌபதி ஐஸ் பெட்டியோடு சும்மா உட்கார்ந்திருந்தார். அருணாதேவி வரிசையிலிருந்து விலகிப் போய்க் கேட்டாள்.

"என்னக்கா, நீங்க காலியாத்தான இருக்கீங்க? போட்டு உட்டுடுங்களேன்."

"நான் போட மாட்டேன்னா சொல்றேன்? எல்லா மேசையும் பாத்துட்டு வந்தாத்தான் ஊசின்னு சார் சொல்லிக்கிறாரு. தொவக்க விழா போட்டோவுக்குன்னு காலையிலயே மருந்தைக் கலக்க வெச்சிட்டாங்க. கலக்கினா கொஞ்ச நேரந்தான் தாங்கும். மதியம் ஆச்சுன்னா கொட்டணும். இன்னிக்கு வந்தது இந்த ஒரு பாட்டிலுதான்."

அருணாதேவி நேராகச் சக்கரபாணியிடம் போனாள். அவர் பேனரின் மூலையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஊசிய மொதல்ல போட்டுட்டா நீங்க யாருமே நிக்க மாட்டீங்கம்மா," என்றார், உலகம் தெரிந்தவர்போல. "அடுத்த ஆட்டோவுல ஏறிடுவீங்க. அதுக்குத்தான் அதைக் கடைசியில வெச்சிக்கிறோம்."

"அதுக்குள்ள மருந்து கெட்டுப் போச்சுன்னா?"

"அடுத்த வாரம் போட்டுக்கலாம். இன்னிக்கு மத்த சேவையெல்லாம் கெடைக்குது இல்ல?"

அவளுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. மண்டபத்தின் குறுக்கே நடந்துபோய், திரௌபதியின் எதிரில் உட்கார்ந்து, இனியாவின் சட்டைக் கையைத் தோள்வரைக்கும் ஏற்றிவிட்டாள்.

திரௌபதி சக்கரபாணியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "சார், மருந்தைக் கீழ கொட்டறதா, கொழந்தைக்குப் போடறதா? நீங்களே சொல்லிடுங்க."

வரிசையில் நின்ற தாய்மார்கள் எல்லாரும் திரும்பினார்கள். ஒருத்தி வரிசையை விட்டு வந்தாள். பின்னாலேயே மற்றவர்களும் வந்து மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். பல் மேசைக்கு முன்னால் காலி நாற்காலிகள்தான் மிச்சம். சக்கரபாணி தொண்டையைக் கனைத்து, முன்னோட்ட அடிப்படையில் இன்று மட்டும் வரிசை மாற்றப்படுவதாக மைக்கில் அறிவித்தார். நல்லவேளை, அதற்குக் கைதட்டச் சொல்லவில்லை.

இனியாவின் வலது கையில் ஊசி ஏறியது. வைட்டமின் சொட்டு மருந்தும் வாய்க்குள் போனது. அழுகை அடங்குமுன்னே அருணாதேவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். வாசலில் ஒரு ஆட்டோ நின்றிருந்தது.

"எங்க கெளம்பிட்டீங்க? ஊசி போட்டா அரை மணி நேரம் இருக்கணும். ஒத்துக்கலன்னா எங்களுக்குத் தெரிய வேணாமா?" என்றார் திரௌபதி. "சும்மா உக்காரப் போறீங்க. அந்த நேரத்துல போயி எடை பாத்துட்டு வந்துடுங்க."

அருணாதேவிக்குச் சிரிப்பு வந்தது. ஊசியை முதலில் போட்டாலும் எவளும் அரை மணி நேரத்துக்கு நகர முடியாது. அதற்குள் மற்ற மேசைகளையெல்லாம் பார்த்துவிடலாம். எத்தனை கூட்டம் போட்டு, எத்தனை டீ குடித்திருப்பார்கள், இது ஒருத்தர் மண்டையிலும் உறைக்கவில்லையே என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே எடை மேசைக்குப் போனாள்.

அங்கன்வாடியிலிருந்து வந்திருந்த பாஞ்சாலை இனியாவைத் தராசில் கிடத்தினார். எடுத்துவிட்டு, தடுப்பூசி அட்டையிலிருந்த பழைய எடைகளைப் பார்த்து, மறுபடியும் கிடத்தினார். பிறகு குழந்தையின் கீழ் இமையை மெல்ல இழுத்துப் பார்த்தார். உள்ளே வெளுத்திருந்தது.

"ரெண்டு மாசமா எடை ஏறவே இல்லம்மா. வயசுக்கு ரொம்பக் கம்மி. ரத்தமும் கம்மியாத் தெரியுது. என்ன குடுக்கறீங்க?"

"பால்ல பிஸ்கெட்டு ஊற வெச்சி..." என்றாள் அருணாதேவி. "நான் வேலைக்குப் போறேங்க. பக்கத்து வீட்டுல உட்டுட்டுப் போறேன். அவங்களும் அதான் குடுப்பாங்க. நல்லாத்தான் சாப்புடறா."

சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. தினமும் இடுப்பில் சுமக்கிற பிள்ளை. கனக்கவில்லையே என்று ஒரு நாளும் தோன்றவில்லை. தூக்கிக்கொண்டு போகச் சுலபமாக இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தாள். திரௌபதி மட்டும் நிறுத்தியிருக்காவிட்டால் இந்நேரம் ஊசி போட்டாச்சு என்ற நிம்மதியோடு ஆட்டோவில் போய்க்கொண்டிருப்பாள். அந்தச் சக்கரபாணி சொன்னது அப்படியே பலித்திருக்கும். அதை நினைக்க அவளுக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது.

லாட்ஜிலிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை. காலையிலிருந்து திட்டுவதற்கு அவளுக்கு ஆள் இருந்தது. இதற்கு யாரைத் திட்டுவதென்று தெரியவில்லை.

பையைக் கீழே இறக்கிவைத்துவிட்டு, பாஞ்சாலைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நிதானமாச் சொல்லுங்கக்கா," என்றாள். "என் கொழந்தைக்கு நான் என்ன குடுக்கணும்?"