மண்டோர் சன்னாசியின் மரியாதை

புருஷனின் கருமாதி முடிந்து நல்லம்மாள் வேலைக்குத் திரும்பி ஒன்பது நாளாகிறது. இந்த ஒன்பது நாளில், கூலிகளை மேய்த்து வேலை வாங்கும் மண்டோர் சன்னாசி வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வரவில்லை. அவளிடம் மட்டுமில்லை, யாரிடமும். இருபது வருடமாக, விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும்போதே ஒவ்வொருவருடைய அம்மாவையும் அக்காவையும் இழுத்த வாய் அது. அதே வாய் "வாங்கம்மா, நெரைக்குப் போங்க" என்று அவரவர் மர வரிசைக்கு அனுப்பினால் யாருக்குத்தான் பயம் வராது?

அந்த ரப்பர் தோட்டத்தில் ஆளை வேலையை விட்டு நிறுத்துவதற்கு முன்னால்தான் மரியாதை கிடைக்கும். போன வருடம், எழுபத்தாறில், ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி நாற்காலி போட்டு உட்காரச் சொன்ன இரண்டு குடும்பமும் மறுவாரமே மூட்டை கட்டி ஈப்போ டவுனுக்கு பஸ் ஏறின. வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். புருஷன் அப்பாவுவும் போய்விட்டான்; இரண்டு பெண்பிள்ளைகளோடு நல்லம்மாள் எங்கே போய் நிற்பாள்?

பக்கத்து நெரை காளியம்மாவுக்கு வேறு கணக்கு. தாலியறுத்தவளிடம் ஒருத்தன் திடீரென்று குழைந்தால் அது வேலை விஷயமாக இருக்காது என்றாள். நல்லம்மாள் இரண்டையும் நம்பினாள். மண்டோர் சிரித்தாலும் சந்தேகம், சிரிக்காவிட்டாலும் சந்தேகம்.

பத்தாம் நாள், பால் எடுத்து முடித்த நேரத்தில் சன்னாசி அவள் நெரைக்கே வந்துவிட்டார். கேட்காமலே வாளியைத் தூக்கினார். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"எதுக்குண்ணே இந்த வேஷம்? வேலைய விட்டு நிறுத்துறதுன்னா நேரா சொல்லுங்க. வேற நெனப்புன்னா, கையில கத்தி இருக்கு."

சன்னாசி வாளியைக் கீழே வைத்தார்.

"ஒன் வேலைய யாரும் எடுக்கலம்மா. அன்னைக்கு அப்பாவு மரத்துல சாஞ்சு உக்காந்திருந்தான். சோம்பேறித்தனம்னு நெனச்சு வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன். பதில் பேசாம என்னையே பாத்தான். தோளத் தொட்டேன், அப்படியே சரிஞ்சுட்டான், உசுரு போயிருச்சு. கடைசியா அவன் கேட்டுட்டுப் போனது என் வாயிலருந்து வந்த அந்த அசிங்கந்தான். அதுக்கப்பறம் வாயத் தெறந்தாலே பயமா இருக்கு."

அவளுக்கு அவர் முகத்தைப் பிறாண்ட வேண்டும் போலிருந்தது. பிறாண்டியிருந்தாலும் யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். ஆனால் கை எழவில்லை. மாரியாத்தா மேல் ஆணையாக ஒருவரிடமும் சொல்லக்கூடாது என்று இத்தனை நாளும் அவள் விழுங்கி வைத்திருந்தது தொண்டை வரை வந்துவிட்டது.

"அன்னைக்குக் காலையில, நெஞ்சு வலிக்குது, இன்னிக்கு வேலைக்குப் போகலன்னாருண்ணே" என்றாள். "ஒரு நாள் சம்பளம் போயிடும், போய்த் தொலைன்னு நாந்தான் அனுப்பினேன்."